பிரதானியின் சமையற்கட்டு வழி

ஊர் பெருத்தால் ஆள்கிறவர் மூளையும் பெருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? ஆமூர்த் தலைநகரம் பழைய எல்லைக்குள் அடங்காமல் வெளியே வழிந்தது. பிரதானி வேங்கடாத்திரி புதூர் ஒன்று கட்டினார். பெரிய மனிதர் ஒவ்வொருவருக்கும் ஒரு தெரு. நுழைய ஒரு வாய், மறுமுனையில் சுவர். "கண்டவனும் குறுக்கே நடக்க மாட்டான்" என்று பெருமை வேறு. தம் தெருவின் முனையை அவருடைய மாளிகையே விழுங்கிவிட்டது.

அந்தத் தெருவில்தான் அரசவை விகடன் மருதக்கூத்தன் குடியிருந்தான். அவன் மனைவிக்கு நிறைமாதம். மருத்துவச்சி செங்காத்தாள் வீடு மாளிகைக்குப் பின்னால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் இருந்தது. சுற்றி வந்தால் அரை நாள்.

"ஐயா, ஓரமாக ஓர் ஆள் நுழையச் சந்து விடுங்கள்" என்று கேட்டான்.

"அரை நாள் முன்னதாகவே வலி எடுக்கச் சொல்" என்றார் பிரதானி.

மன்னர் இளவழுதியும் அவர் பக்கம்தான். "கூத்தா, சுவரில் ஒரு கல்லைத் தொட்டாலும் உன் கை போகும்."

"நான் ஏன் தொடுகிறேன், மன்னா? இத்தனை அழகான ஊரில் தங்கள் நகர்வலம் நடக்கவில்லையே என்றுதான் வருத்தம்."

பிரதானிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலையே மன்னரைச் சுமந்து பட்டத்து யானை கிளம்பியது. அவரே முன்னால் நடந்து, ஊரைச் சுற்றித் தம் தெருவுக்குள் அழைத்துப்போனார். மாளிகை வாசலில் யானை நின்றது.

"இனி எப்படிப் போவது?" என்றார் மன்னர்.

"திரும்ப வேண்டியதுதான், மன்னா."

கூடவே வந்த மருதக்கூத்தன் காதைப் பொத்திக்கொண்டான். "அபசாரம். நகர்வல யானை வந்த வழியே திரும்பினால் போரில் புறமுதுகிட்டதற்குச் சமம். தங்கள் குலவழக்கம் ஆயிற்றே."

மன்னர் முகம் கறுத்தது. "வேறு வழி?"

"நேரே போகலாம். நடுவில் பிரதானியாரின் சமையற்கட்டுதான் நிற்கிறது."

பிரதானி வாய் திறப்பதற்குள், வீட்டாரை வெளியேற்றிவிட்டு மன்னர் பாகனுக்குக் கை காட்டினார். முன்சுவர் சரிந்தது, பின்சுவரும் சரிந்தது. அந்தப் பக்கம் செங்காத்தாள் வீடு; அதை அடுத்துத் தெரிந்தது காலையில் அவர்கள் கிளம்பிய அரண்மனை வாசல்.

"இதற்கா இத்தனை நேரம் வெயிலில் சுற்றினோம்?" மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இனி இது பொதுவழி."

"ஊரே என் சமையற்கட்டில் நடக்குமே" என்று புலம்பினார் பிரதானி.

மன்னர் காதில் வாங்கவில்லை. "கூத்தா, என்ன பரிசு வேண்டும்?"

"வீட்டில் வலி கண்டுவிட்டது, மன்னா. செங்காத்தாளை இப்படியே அனுப்புங்கள். பிரதானியாரின் அடுப்பு இன்னும் எரிகிறது. வருகிற வழியில் வெந்நீரையும் எடுத்துக்கொள்ளட்டும்."