மாசிலாமணிக்கு எந்த ரிவால்வர்?

“அம்மா, பெரிய குண்டு போடுற ரிவால்வர் வாங்கவா, சின்னதே போதுமா? நீங்களே சொல்லிடுங்க. எனக்கு மண்டை காயுது.”

மாசிலாமணி இப்படிக் கேட்டதும் குடிசையில் குறி கேட்க வந்திருந்த மற்ற இரண்டு பேரும் மெல்ல எழுந்து வெளியே போனார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்!

சின்னத்தாயம்மா சிரிக்கவில்லை. மலையடிவாரத்தில் குறி சொல்கிற அவரிடம் பேய் பிடித்தது முதல் பெண் ஓடிப்போனது வரை எல்லாக் கேள்வியும் வந்திருக்கிறது. துப்பாக்கி வந்தது இதுதான் முதல் தடவை.

“லைசென்ஸோட ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கீங்களே சாமி?”

“அது சின்னது. துப்பாக்கிக் கடைக்காரரே சிரிக்கிறார். அதுல சுட்டா எருமை சொறிஞ்சுக்கிட்டுப் போயிடுமாம். பெருசுன்னா ஒரே வெடி, வந்தவன் வாசல்லயே விழுவான். ஆனா கையைத் தூக்கி அடிக்குமாம். எனக்கோ வயசாச்சு.”

“வர்றது யாரு?”

“யாராவது.”

“யாராவதுன்னா?”

மாசிலாமணி வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

காப்பித் தோட்டத்து நடுவில் அவருடைய பங்களா. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. மகன் கனடாவில். காற்றில் ஜன்னல் ஆடினாலும் மனுஷன் தலையணைக்கடியில் கையை விடுவார். விடியும்வரை பொட்டுத் தூக்கம் கிடையாது.

“இப்ப கையோட கொண்டாந்திருக்கீங்களா?”

“இடுப்புல இருக்கு.”

“குண்டையெல்லாம் எடுத்து என்கிட்டக் குடுங்க.”

கொடுத்தார். அந்த அம்மாள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

“நான்தான் அந்த யாராவது. வெளிய போய்க் கதவைத் தட்டுறேன். உங்க வீட்டுல என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க. அப்புறம் பெருசா சின்னதான்னு சொல்றேன்.”

பலகைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருட்டு.

மாசிலாமணி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, கடைக்காரர் சொல்லிக்கொடுத்தபடி காலை அகட்டி நின்றார். ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்துக் கதவுக்கு நேராக நீட்டினார்.

தட்டவில்லை.

கை வலித்தது. வெளியே ஒரு அசைவும் இல்லை. இந்த அம்மாவும் விட்டுவிட்டுப் போய்விட்டார்களோ? நீட்டிய ரிவால்வர் தானாகத் தாழ்ந்தது. அட, மூன்று வருஷமாக அவர் வீட்டுக் கதவை யார்தான் தட்டினார்கள்?

டொக். டொக்.

“இதோ வந்துட்டேன்! இருங்க, போயிடாதீங்க!”

தாழ்ப்பாளை இழுத்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது. மாசிலாமணி மூச்சு வாங்க நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

சின்னத்தாயம்மா அவருடைய வெறுங்கைகளைப் பார்த்தார்.

“துப்பாக்கி எங்க சாமி?”

“அது எங்கயோ கிடக்குது. நீங்க உள்ள வாங்கம்மா. முதல்ல உள்ள வாங்க.”