வழுக்கும் தரை

"இங்கே வந்து ஏழு வருஷமாச்சு தாயே. மனசு ஒரு அடி நகரலை" என்றார் திருமேனிநாதர்.

சடைச்சியம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

மலையடிவாரத்து மடத்தில் இருக்கும் துறவி அவள். அவரைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் அவளைத்தான் அவர் குருவாகக் கொண்டிருந்தார். இன்றுதான் முதல் தடவையாக அவருடைய குடிலுக்கு வந்திருக்கிறாள்.

ஒற்றை அறை. கருங்கல் தரை, முகம் பார்க்கலாம் போல மெருகேறியிருந்தது. ஒரு பாய். ஒரு குடம். ஒரே ஒரு டம்ளர்.

"யாரும் வர்றதில்லையா?"

"வர விடறதில்லை. மனுஷங்க வந்தா பேச்சு வரும். பேச்சு வந்தா மனஸ்தாபம் வரும். எதுவும் என்மேல படக் கூடாதுன்னுதான் இங்கே வந்தேன்."

"நிம்மதியா இருக்கீங்களா?"

தரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"சில நாள், என் பேரை நானே கூப்பிட்டுப் பாப்பேன்."

அப்போது கூரையிலிருந்து தொப்பென்று ஒரு பாம்பு விழுந்தது.

திருமேனிநாதர் கம்பை எடுத்தார்.

"சாரைதான், விஷமில்லை. இருங்க ஐயா" என்றாள்.

பாம்பு வளைந்தது. நெளிந்தது. உடம்பு முழுவதும் அலை அலையாய் அசைந்தது. ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தது. வழவழத்த கல்லில் வயிறு வழுக்கிக்கொண்டே இருந்தது. வாசல் நாலு முழத் தூரம்தான்.

பார்த்துக்கொண்டே நின்றவர் கம்பைக் கீழே போட்டார்.

"பாவம்" என்றார்.

சடைச்சியம்மாள் வெளியே போய், முந்தானை நிறையச் சரளைக் கல் அள்ளி வந்தாள். பாம்புக்கும் வாசலுக்கும் நடுவே கொட்டிப் பரப்பினாள்.

பாம்பு ஒரு கல்லில் விலாவை முட்டுக் கொடுத்தது. அடுத்த கல்லில் உந்தியது. வாசலைத் தாண்டியது. முற்றத்துப் புளியமரத்தில், பட்டையின் வெடிப்புகளில் உடம்பை ஊன்றி ஊன்றி மேலே ஏறிப் போனது.

"கால் இல்லாம எப்படித் தாயே ஏறுது?"

"மரம் சொரசொரன்னு இருக்கே."

அவர் உள்ளே வந்தார். தரையெல்லாம் கல்லும் மண்ணும். கை தானாக விளக்குமாற்றுக்குப் போய், பாதியில் நின்றது.

அப்படியே சரளை மேல் உட்கார்ந்தார்.

"கடையத்துல எனக்கு ஒரு மக இருக்கா."

இத்தனை வருஷத்தில் அவளிடம் சொல்லாதது.

"நான் போனா, வாசல்லயே சண்டை பிடிப்பா."

"பிடிப்பா" என்றாள் சடைச்சியம்மாள்.