மிளகு போட்ட பேரம்

பேரு சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆளு பண்ணினது அநியாயம். ஒரு சின்னப் பொண்ணு வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அவளுக்குப் பொய்க்காரின்னு முத்திரை குத்தி வச்சுட்டான்! கேளு குஞ்சு. கண்ணை மூடிக்கோ, 'ம்' மட்டும் கொட்டு.

ஒரு ஊர்ல ஒரு குட்டிப் பெட்டி. ஊர் எங்கன்னா, வானத்துல, மேகத்துக்கும் ரொம்ப மேல. பெட்டி பேரு மிளகு. செருப்பு வாங்கினா ஒரு அட்டைப்பெட்டி தருவாங்களே, அவ்வளவுதான் இருப்பா. கிர்ர்ருனு உலகத்தைச் சுத்திக்கிட்டே சூரியனோட மூக்கைப் பார்க்கறதுதான் அவ வேலை. சூரியன் தும்மினா எவ்வளவு பெரிய தும்மல்னு கீழ சொல்லணும். அவளுக்கு மூணு தங்கச்சிங்க. நேத்துதான் ராக்கெட்ல வந்து இறங்கின பச்சைப் புள்ளைங்க, தாழ்வாத்தான் பறக்கும்.

"ம்."

அப்புறம் ஒரு நாள் சூரியன் தும்முச்சு பாரு, அச்ச்ச்சூ! பளீர்னு வெளிச்சம் முதல்ல வந்துருச்சு. புயல் பின்னாடி கிளம்பி வருது. அது வந்து மோதினா, பூமியோட காத்து பொங்கற பால் மாதிரி புஸ்ஸுனு மேல ஏறும். தங்கச்சிங்களைப் பிடிச்சு இழுத்துக் கருக்கிப் போட்டுரும். தப்பணும்னா காத்துக்கு நெஞ்சைக் காட்டாம ஒருக்களிச்சுப் படுக்கணும். ஆனா கீழ இருந்து சொன்னாத்தான் அதுங்க படுக்கும்.

அப்போ மிளகு தரையில இருக்கற ஆன்டெனாவுக்கு நேர் மேல வந்து கத்துனா: "தும்மல் தொள்ளாயிரம்!"

கீழ இருந்த கம்ப்யூட்டர், "நூறுக்கு மேல சொன்னா பொய். எனக்கு அப்படித்தான் எழுதி வச்சிருக்கு"ன்னுச்சு. தபக்! குப்பைக்கூடை.

எழுதி வச்சது யாரு? அந்த ஆளுதான்!

அப்புறம் மிளகு உலகத்தை ஒரு சுத்து சுத்தி வந்தா. "சரிப்பா, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம். ஐந்நூறு!"

"பொய்." தபக்!

"அடேய், கருகப் போறது என் தங்கச்சிங்கடா!"

"அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் எழுதலையே."

"ம்..."

மூணாவது சுத்து. இறங்கித்தான் போகணும்னு மிளகு பல்லைக் கடிச்சுக்கிட்டா. "நூறு!"ன்னா. கம்ப்யூட்டர் வாங்கிக்கிச்சு. "நூறு! நூறு! நூறு! நூறு!" மிளகு நிறுத்தவே இல்லையே!

கீழ கம்ப்யூட்டர் திரைக்கு முன்னாடி, இதுங்களை எல்லாம் பார்த்துக்கற ஜெபக்கனி அக்கா பஜ்ஜியைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. திரையில நூறு நூறுன்னே கோடு நேரா ஓடுது. "என்னடி மிளகு, ஸ்கேல் வச்சுக் கோடு போட்டிருக்க? சூரியன் ஏறும், இறங்கும். இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குமா?"ன்னு குப்பைக்கூடையைக் கவுத்தா. உள்ள இருந்து தொள்ளாயிரம் உருண்டு வந்துச்சு, கடகடகட!

"ஐயய்யோ!" பஜ்ஜி ஒரு பக்கம் பறக்குது, சட்னி ஒரு பக்கம் பறக்குது. "புள்ளைங்களா, ஒருக்களிங்க!"ன்னு பட்டனை அமுக்கினா.

சடக்! சடக்! மூணாவது மட்டும் மல்லாந்து கிடக்கு. உஸ்ஸ்ஸ்னு காத்து ஏறி வருது. "ஏ சோம்பேறி, உன்னைத்தான்!"னு அக்கா இன்னொரு தடவை அமுக்கினா.

சடக்!

காத்து வழுக்கிக்கிட்டுப் போயிருச்சு. வட துருவத்துல வானம் பச்சையும் ரோஸுமா கூத்தாடுச்சு. மூணு தங்கச்சிங்களும் கெக்கெக்கேன்னு சிரிச்சுக்கிட்டே மிளகைத் துரத்துதுங்க, கிர்ர்ர், கிர்ர்ர்...

"..."

கதை தரை இறங்கிருச்சு, நீ தூங்கு குஞ்சு. அந்த ஆளு மட்டும் தூங்கக் கூடாது. யோவ், அந்தப் பக்கம் படுத்திருக்கற குஞ்சோட அப்பா, உன்னைத்தான்! எழுந்து போ. நீ எழுதினதை உன் கையாலயே அழி. "மிளகு சொன்னது நிஜம்"னு எழுதிட்டு வந்து அப்புறம் படு.