கொட்டகை வரை தெளிவாக ஒரு படம்

சாலைக் காண்ட்ராக்டர் பூபாலராயர் தன் புது வீட்டு விருந்துக்குக் கலெக்டரை அழைத்திருந்தார். படமெடுக்க வந்தவள் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கஸ்தூரி.

பொழுது சாய்ந்திருந்தது. ஃபிளாஷ் வேலை செய்கிறதா என்று தோட்டத்துப் பக்கம் திருப்பி ஒருமுறை அடித்துப் பார்த்தாள். கோடியில் இருந்த மாட்டுக்கொட்டகைச் சுவர் பளீரென்று மஞ்சளாக மின்னி அணைந்தது. அதில் இருந்த எழுத்துகளைப் படித்தவள் கேமராவை மெல்லத் தாழ்த்தினாள்.

மலைப்பாதை வளைவில் எச்சரிக்கைப் பலகை இல்லாமல்தான் அவள் தம்பி பள்ளத்தில் உருண்டு காலை இழந்தான். பலகைகளைத் திருடர்கள் பிடுங்கிப் போய்விட்டதாக அந்தச் சாலையைப் போட்ட ராயர் சொல்லியிருந்தார்.

"என் மீசையிலிருந்து தோட்டக் கடைசி வரைக்கும் தெளிவா விழணும். ஏதாவது மங்கலா இருந்துச்சு, இந்த ஊர்ல நீ கேமராவே தூக்க முடியாது" என்றார் ராயர், கலெக்டர் பக்கத்தில் நின்றபடி.

"அப்புறம் எதையும் மறைக்கச் சொல்லக் கூடாதுங்க, ஐயா."

"எனக்கு மறைக்க என்னம்மா இருக்கு?"

கஸ்தூரி ஜூமை முழுக்க அகலமாக்கினாள். லென்ஸின் துவாரத்தைச் சுருக்கினாள். ஃபிளாஷை முழு வெளிச்சத்தில் அடித்தாள்.

கேமராவை வாங்கித் திரையில் படத்தைப் பார்த்த கலெக்டரின் முகம் இறுகியது. ராயரின் தோளுக்குப் பின்னால், கொட்டகைச் சுவராக அடித்திருந்த சாலைப் பலகைகள் வரிசையாக மின்னின: 'அபாய வளைவு. மெதுவாகச் செல்லவும்.'

"அதை மட்டும் மங்கலாக்கிடும்மா" என்றார் ராயர்.

"ஜூமை இழுத்து, துவாரத்தை அகலமாத் திறந்து எடுத்திருந்தா மங்கியிருக்கும், ஐயா. நீங்கதான் வேணாம்னீங்க."

கலெக்டர் டிரைவரிடம் டார்ச்சை வாங்கிக்கொண்டு கொட்டகையை நோக்கி நடந்தார்.