வலி காரமடை

கோயம்புத்தூர் முதலாளி தணிகைநாதன் விற்ற பஸ் ஓட்டும் கேமில் பஸ் மொட்டையாகத்தான் இருந்தது. ஹாரன், கண்டக்டர் விசில், ஊர்ப் பலகை எல்லாம் காரமடையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த செண்பகம் தானாகச் செய்து இணையத்தில் போட்ட ‘மாட்’, அதாவது கேமோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் சரக்கு. அதற்காகவே கேம் பிய்த்துக்கொண்டு போனது. முதலாளி சத்தமில்லாமல் அத்தனையையும் தன் புது கேமில் சேர்த்துக்கொண்டார்.

வெளியீட்டு விழாவுக்கே வந்து கூலி கேட்டாள் செண்பகம்.

“ஆசைக்குச் செய்யறதுக்குக் கூலியாம்மா? இதெல்லாம் எங்க ஆளுங்க செஞ்சது. உன்னுதுன்னா உன் பேரைக் காட்டு பார்ப்போம்!”

“பேர் இல்லீங்க. அந்தப் பலகையை மட்டும் கொஞ்சம் படிங்க.”

புது கேமின் பஸ் ஓடிக்கொண்டிருந்த மேடைத் திரையைப் பார்த்து முதலாளி கணீரென்று படித்தார். “மேட்டுப்பாளையம், வலி காரமடை.”

அரங்கமே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

“வழிக்கு வலின்னு போட்ட புண்ணியவான் யாருங்க?” என்றது ஒரு குரல்.

முதலாளி திருதிருவென்று விழித்தார். “எங்க ஆளுங்க படிச்சவங்க! இந்தத் தப்பெல்லாம் இந்தம்மா பண்ணினது!”

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. சரியாகத்தானே சொன்னோம் என்று அவர் மேலும் குழம்பினார்.

செண்பகம் கும்பிட்டாள். “ரொம்ப நன்றிங்க. தப்பு என்னுதுன்னா பலகையும் என்னுதுங்க. கூலியில அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் பிடிச்சுக்குங்க.”