இலவ மரம் வாங்கிக்கொண்ட பருக்கள்

மரத்துக்கும் மனிதருக்கும் பேச்சுவார்த்தை இருந்த அந்தக் காலத்தில், இலவ மரத்தின் தண்டு வழவழவென்றுதான் இருந்தது.

மலையடிவாரத்தில் மருதி என்றொரு பெண் இருந்தாள். பதினைந்தாம் வயதில் அவள் கன்னத்திலும் நெற்றியிலும் பருக்கள் கிளம்பின. ஆற்று மணலால் தேய்த்தாள், முகம் எரிந்தது. முள்ளால் குத்தினாள், ஒன்று இருந்த இடத்தில் மூன்று வந்தன. "முகம் கழுவுவதே கிடையாதா?" என்று அத்தை கேட்ட நாளிலிருந்து, மற்றப் பெண்கள் திரும்பிய பிறகுதான் ஓடைக்குப் போனாள். ஆண்டுதோறும் அவள் பாடித்தான் தினை அறுப்புத் தொடங்கும். இந்த முறை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஓடைக்கரையில் ஓர் இளம் இலவம் நின்றது. மருதி பிறந்த மழைக்காலத்தில் முளைத்தது அது. அதன்மேல் சாய்ந்து அழுதுகொண்டே ஒரு பருவைக் கிள்ளினாள்.

"கையை எடு, மருதி. ரத்தம் வருகிறது," என்றது இலவம்.

"எடுத்தால் மட்டும் போய்விடுமா?"

"என்னிடம் கொடுத்துவிடு. நான் வைத்துக்கொள்கிறேன்."

"உனக்கு எதற்கு இந்தத் தொல்லை?"

"கிள்ளிப் புண்ணாக்க எனக்குக் கை இல்லையே. தானாக உதிரும்வரை சுமப்பேன். ஆனால் அவை என்னிடம் மெல்லத்தான் வரும். காலையும் மாலையும் ஓடைத் தண்ணீரில் முகம் கழுவு, போதும். விரல் பட்டால் உள்ளேயே பதுங்கிக்கொள்ளும்."

மருதி கன்னத்தைத் தண்டில் பதித்து, பருக்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

பத்து நாளாகியும் ஒன்றும் மாறவில்லை. புதிதாக ஒன்று வேறு மோவாயில் முளைத்தது. கை பரபரக்க, மரத்திடம் ஓடினாள். தண்டில் ஒரு சின்ன முள் எழுந்திருந்தது. அதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

அறுப்புக்குள் அவள் முகத்தில் நாலைந்து தழும்புகளே மிஞ்சின. மரத்திலோ உச்சிவரை முள். மருதி மரத்தடியை விட்டு நகரவில்லை.

"நேரமாகிறது, போய்ப் பாடு," என்றது இலவம்.

பாடினாள். ஆனாலும் மரம் தனக்காக முள் சுமப்பதை எண்ணி மனம் ஆறவில்லை. ஆண்டுகள் ஓடின. கல்யாணமாகி, குழந்தை பெற்ற பிறகும் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் வந்து தண்டைத் தடவிப் பார்ப்பாள். ஒருமுறை அவள் கை வைத்த இடத்தில் முள் இல்லை. சுற்றிவந்து பார்த்தாள். அடிமரத்து முட்களெல்லாம் உதிர்ந்து மண்ணில் கிடந்தன.

"வலித்ததா?"

"விழுந்ததே தெரியவில்லை."

மருதி வேரின்மேல் உட்கார்ந்து, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

அன்று முதல்தான் இலவம் இளமையில் உடம்பெல்லாம் முள்ளோடு நிற்கிறது. வயது ஏற ஏற, யாரும் பிடுங்காமலே அவற்றை உதிர்த்துவிடுகிறது.