ஐம்பத்தொரு சீட்டு

முன்னொரு காலத்தில், சிரிப்புக்குத் தடை போட்ட ஓர் அரண்மனை இருந்தது. அந்த அரண்மனையில் ஒரு விகடனும் இருந்தான். ஆறு வற்றிய ஊரில் ஓடக்காரன் இருந்தால் எப்படியோ, அப்படி.

விகடன் பெயர் பூவராகன். காலையில் சபைக்கு வருவான். தூணோரம் நிற்பான். உச்சி சாய்ந்ததும் வீட்டுக்குப் போவான். அவன் வாயைத் திறந்தால் யாராவது சிரித்துத் தொலைத்துவிடப் போகிறார்களே என்று காவற்காரர்கள் அவனையே முறைத்தபடி நிற்பார்கள்.

தடை போட்டவர் ராஜாதான். எட்டு மாதத்துக்கு முன் ராணி மதுரவல்லி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடினாள். காரியங்கள் முடிந்த மறுநாள் ராஜா சபையில் எழுந்து நின்று, "என் வல்லி மறுபடி என் கண்முன் வரும்வரை இந்த அரண்மனையில் ஒருவரும் சிரிக்கக் கூடாது" என்றார்.

செத்தவள் எப்படி வருவாள்? யாருக்கும் கேட்கத் துணிச்சல் இல்லை. அந்த இடைவெளியில்தான் மருதராயர் நுழைந்தார்.

ராயர் ராஜாவுக்குத் தூரத்து உறவு. அரண்மனை நிர்வாகம் அவர் கையில். எப்போதோ ஒரு கப்பல் வியாபாரியிடம் சீட்டுப் பார்த்துக் குறி சொல்லக் கற்றிருந்தார். மந்திரச் சீட்டு எதுவும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற சாதாரணக் கட்டுதான். இஸ்பேட்டு வந்தால் துக்கம், டைமன் வந்தால் செல்வம், கிளாவர் வந்தால் பயணம். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் வந்தால் அன்பு.

"மகாராணியின் கைபட்ட கட்டு இது, மகாராஜா. தினமும் விடியற்காலை ஏழு சீட்டு எடுத்து வைப்பேன். ஆட்டின் ராணி என்றைக்கு வருகிறதோ, அன்றைக்கு மகாராணியே வந்ததாக அர்த்தம். ஒன்று மட்டும். கட்டை யாரும் எண்ணக் கூடாது. எண்ணினால் பலன் பறந்துவிடும்."

எண்ணத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் குறிகாரனுக்குக் கைவரிசை காட்ட முடியாதல்லவா? அதற்காக ராயர் கட்டிய விதி அது. அந்த விதிக்குக் கட்டுப்பட்டு அவரும் ஒருநாள்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

ராஜா தினமும் இருட்டோடு எழுந்து குளித்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் வந்து உட்காருவார். ஏழு சீட்டு விழும். ஏழையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "இன்று இல்லை, மகாராஜா" என்பார் ராயர். ராஜா எழுந்து உள்ளே போய்விடுவார். எட்டு மாதத்தில் அவருடைய கங்கணம் முழங்கைவரை ஏறும் அளவுக்குக் கை மெலிந்துவிட்டது.

ஆட்டின் ராணி ஏன் வரவில்லை என்பது பூவராகனுக்குத் தெரியும்.

ராணி இருந்த காலத்தில் மத்தியானம் தோறும் ராஜா, ராணி, அவன் என மூன்று பேரும் பாய் விரித்துக் கழுதை ஆடுவார்கள். கையிலுள்ள சீட்டு தீராமல் கடைசியில் மாட்டிக்கொள்பவர் கழுதை. மூன்று முறை கழுதைபோலக் கத்த வேண்டும். ராஜாவானாலும் கத்தத்தான் வேண்டும். ஐம்பத்திரண்டு சீட்டு மூன்று பேருக்குச் சரியாகப் பிரியாது, ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றை ராணிதான் எடுத்துக்கொள்வாள். "எனக்கு ஒன்று கூடுதலாக விழுந்தால், ஒன்றை ஒளித்துவைப்பது நியாயம்தானே?" என்று அவளாகவே ஒரு சட்டமும் வைத்திருந்தாள். ஆட்டின் ராணி எப்படியாவது அவள் மடிக்குள் போய்விடும். ராஜாவுக்கும் தெரியும். தெரியாததுபோலத் தோற்று, தொண்டை கிழியக் கத்துவார்.

கடைசி ஆட்டம் பாதியில் நின்றது. ராணிக்கு வலி எடுத்துப் பிரசவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். கலைந்து கிடந்த சீட்டுகளைக் கூட்டிக் கட்டி வைத்தவன் பூவராகன். மறுநாள் விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது. ராணியைக் குளிப்பாட்டிய செவிலி மூக்காயி அவனைத் தனியே அழைத்து, முந்தானைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள்.

"அம்மா கொசுவத்துல இருந்துச்சு சாமி. அம்புட்டு வலியிலயும் கீழ விழாம சொருகி வச்சிருந்தாங்க."

ஆட்டின் ராணி.

சுடுகாட்டில் வாய்க்கரிசி போடக் குனிந்தபோது, பூவராகன் அந்தச் சீட்டை மாலைக்கு அடியில் அவள் கையில் செருகிவிட்டான். 'ஆட்டம் இன்னும் முடியவில்லை தாயே. உன் சீட்டு உன்னிடமே இருக்கட்டும்' என்று நினைத்துக்கொண்டான். ராஜா அப்போது கண்ணை மூடி நின்றிருந்தார்.

அன்பில் செய்த காரியம். ஆனால் அதற்குப் பிறகு ராயர் குறி சொல்லத் தொடங்குவார் என்று அவன் கண்டானா? முதல் மாதம் ராஜாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அந்த மனிதர் படுக்கையை விட்டு எழுவதே அந்தச் சீட்டுக்காகத்தான். அது சாம்பலாகிவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? அடுத்த மாதம் தைரியம் வரவில்லை. அதற்கடுத்த மாதம், சொன்னாலும் நம்ப ஆளில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் ராயர் சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"மகாராஜா, மன்னிக்க வேண்டும். மகாராணி வராததற்குக் காரணம் சீட்டில் தெரிகிறது. தன் உயிரை வாங்கிய உயிர் இந்தக் கூரையின் கீழ் இருக்கும்வரை அவர் வரமாட்டார். அதை ஆற்றுக்கு அக்கரையில், காட்டில் விட்டுவிட்டால், அந்த நாழிகையே வருவார்."

ராயருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். சிங்காதனத்தில் ராணியின் பாதி காலியாக இருந்தது. பூவராகனுக்கு இதைக் கூட்டிப் பார்க்கச் சோழி தேவைப்படவில்லை.

குழந்தையின் முகத்தை ராஜா இதுவரை பார்த்ததில்லை. அழுகுரல் கேட்டால் சன்னலைச் சாத்தச் சொல்வார். 'குழந்தை' என்ற சொல்லே அவர் வாயில் வராது. 'அந்தத் தொட்டில்' என்றுதான் சொல்வார்.

"வெள்ளிக்கிழமை காலையில்…" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அந்தத் தொட்டில் ஆற்றைக் கடக்கட்டும்."

"மகாராணிக்கு வேண்டியவன் நம் விகடன்" என்றார் ராயர், மீசையைத் தடவியபடி. "அவன் பொறுப்பிலேயே போகட்டுமே."

மறுத்தால் தலை போகும். செய்தால் பிள்ளை போகும். ராயர் பல நாளாகத் தீட்டி வைத்திருந்த கத்தி அது.

பூவராகன் தூணை விட்டு முன்னால் வந்தான். "மகாராஜா சொன்னது சொன்னபடி நடக்கும். தொட்டில் ஆற்றைக் கடக்கும். கடக்காவிட்டால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். ராயரே, கடந்தவுடன் மகாராணி வருவது நிச்சயம்தானே?"

"அக்கரையில் கொம்பு ஊதி அடங்குவதற்குள் வருவார்."

அன்று மாலை மூக்காயி அவனை வழிமறித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீயெல்லாம் மனுசனாய்யா? அம்மா கையால எத்தனை நாள் சோறு தின்ன? பால்குடி மறக்காத புள்ள. அந்தக் காட்டுக் குளிருல ரெண்டு நாள் தாங்குமா? உன் நாக்கு சிரிக்க வைக்கத்தான் லாயக்குன்னு நெனச்சேன். கொள்ளி வைக்கவும் லாயக்குத்தான்!"

"திட்டி முடித்துவிட்டாயா?"

"இன்னும் இருக்கு."

"மிச்சத்தை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள். அன்றைக்குப் பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்து, சபைத் திரைக்குப் பின்னால் கொண்டு வந்து நில்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தாள். "பொய் சொல்லி மாட்டுனா தலை போயிரும் சாமி."

"ஒரு சொல்கூடப் பொய் சொல்லப்போவதில்லை, மூக்காயி. பயமே அதுதான்."

உண்மையாகவே அதுதான் பயம். பிள்ளையைக் காப்பாற்றப்போகிற அதே சொல், ராஜாவின் உயிரைப் பிடித்து வைத்திருக்கும் கயிற்றையும் அறுத்துவிடும். அதை அறுக்கப்போகிறவன் அவரைச் சிரிக்க வைப்பதற்கென்று பிறந்தவன்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. பட்டுத்துணி போர்த்திய தொட்டிலைப் பூவராகன் படகில் ஏற்றினான். "அக்கரையில் இறக்கியதும் கொம்பை ஊது" என்று ஓடக்காரனிடம் சொல்லிவிட்டு, கொல்லை வழியாக அரண்மனைக்குள் வந்து திரைக்குப் பின்னால் நின்றான். மூக்காயி தோளில் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

சபை கூடியிருந்தது. தூரத்தில் கொம்பு ஊதியது. ராஜாவின் தோள் ஒரு முறை குலுங்கி நின்றது.

ராயர் சீட்டை விரித்தார். கிளாவர் ஏழு. இஸ்பேட்டு ஒன்பது. டைமன் ராஜா. ஒன்று, இரண்டு, மூன்றாக ஆறு விழுந்தன. ஏழாவதை எடுத்து, கொஞ்சம் நிறுத்தி, மெல்லத் திருப்பினார்.

ஆட்டின் ராணி!

"வந்துவிட்டார்! மகாராஜா, மகாராணி வந்துவிட்டார்!"

ராஜா இரண்டு கையையும் நீட்டினார். சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த முகத்தைத் திரை இடுக்கில் பார்த்த பூவராகனுக்கு அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு குழந்தையின் காதருகே குனிந்து, மெதுவாகக் கழுதைபோல ஒரு கத்துக் கத்தினான்.

குழந்தை கலகலவென்று சிரித்தது.

எட்டு மாதமாகச் சிரிப்பே கேட்காத சபை. காவற்காரர்கள் வாளை உருவுவதா வேண்டாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ராஜா துள்ளி எழுந்தார். "யார் அது? என் ஆணையை மீறிச் சிரித்தது யார்?"

"உங்கள் மகள், மகாராஜா." பூவராகன் குழந்தையோடு வெளியே வந்தான். "ஆணை என்னவென்று இவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை."

"தொட்டில்…"

"ஆற்றைக் கடந்துவிட்டது. தாங்கள் தொட்டிலைத்தானே கடத்தச் சொன்னீர்கள்? சொன்னபடி அக்கரையில் இருக்கிறது. குழந்தையைப் பற்றித் தாங்கள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எட்டு மாதமாகவே சொல்லவில்லை."

ராஜா ராயர் பக்கம் திரும்பினார்.

"குழந்தை கூரையின் கீழ் இருக்கும்வரை மகாராணி வரமாட்டார் என்றார் ராயர். குழந்தை இங்கேதான் இருக்கிறது, சீட்டும் வந்திருக்கிறது. அப்படியானால் சீட்டு பொய். இல்லாவிட்டால் ராயர் பொய்."

"மகாராணிக்குக் கோபம் தணிந்திருக்கும்" என்றார் ராயர் அவசரமாக.

"தணியட்டும். மகாராஜா, அந்தச் சீட்டை முகர்ந்து பாருங்கள். பிறகு மற்றதையும் முகருங்கள்."

ராஜா முகர்ந்தார். ஆட்டின் ராணியில் ஒரு வாசமும் இல்லை. விளிம்பு வெள்ளைவெளேர் என்றிருந்தது. கிளாவர் ஏழை எடுத்தார். விளிம்பெல்லாம் மஞ்சள் ஏறிப் பழுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனார். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, ஈரக் கையோடு சீட்டைப் பிடிக்கிறவளின் வாசம். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணுங்கள்" என்றார் தாழ்ந்த குரலில். பூவராகன் எண்ணினான். வெள்ளைச் சீட்டை நீக்கினால் ஐம்பத்தொன்று. ராயர் வீட்டுக்கு ஓடிய காவற்காரன் புதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தான். அதிலும் ஐம்பத்தொன்று, இல்லாதது ஆட்டின் ராணி.

ராயர் முகத்தில் ஈ ஆடவில்லை.

"அவளுடைய சீட்டு எங்கே, பூவராகா?" என்றார் ராஜா.

அந்தக் கேள்விக்குத்தான் அவன் எட்டு மாதமாகப் பயந்திருந்தான். மண்டியிட்டான். கொசுவத்தில் இருந்ததையும், மூக்காயி எடுத்துக் கொடுத்ததையும், வாய்க்கரிசியோடு செருகியதையும் ஒன்றுவிடாமல் சொன்னான். "அது இனி வராது, மகாராஜா. என்றைக்கும் வராது. அவர்களோடு போய்விட்டது. முன்பே சொல்லியிருக்க வேண்டும். தண்டனை எதுவானாலும் சரி."

ராஜாவின் வயிறு குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து மந்திரிகள் தலை குனிந்தார்கள்.

"அடி கள்ளி!" என்றார் ராஜா. "போகும்போதும் ஒளித்துக்கொண்டுதான் போனாயா?"

சிரித்தார். எட்டு மாதத்துச் சிரிப்பு. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிய, துடைக்காமல் சிரித்தார். தடை போட்டவரே சிரித்தால் யாரைப் பிடிப்பது என்று காவற்காரர்கள் விழித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் குழந்தையை வாங்கி முதல்முறையாக முகத்தைப் பார்த்தார். அது அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"ராயரே, தொட்டில் அக்கரையில் இருக்கிறது. போய் அனுப்பி வையும். தொட்டில் மட்டும் திரும்பி வந்தால் போதும்."

ராயர் போனார். ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார். "உனக்கு மறுபடி வேலை வந்துவிட்டது" என்றார்.

அன்று மத்தியானம் பழைய பாயை விரித்தார்கள். ராணி உட்காரும் இடத்தில் குழந்தையை உட்கார வைத்து, பூவராகன் சீட்டைப் போட்டான். போட்டு முடித்ததும் கையைப் பார்த்தான். பதினேழு, பதினேழு, பதினேழு. முதல்முறையாகச் சரியாகப் பிரிந்திருந்தது. மிஞ்ச ஒன்றுமில்லை.

ராஜாவும் அதைப் பார்த்தார். ஆட்டத்தில் ராஜாதான் தோற்றார். தோற்கத் தெரிந்தவர் அல்லவா? தொண்டை கிழிய மூன்று முறை கத்தினார். குழந்தை கைகொட்டிச் சிரித்தது.

அந்தத் தேசத்தில் அதன்பிறகு யாரும் சீட்டில் குறி கேட்கவில்லை. கழுதை மட்டும் ஆடினார்கள். அதுவும் ஐம்பத்தொரு சீட்டில்.